ஈர விளிம்பு

வானிலை அறிக்கை மூன்று நாள் கொடுத்தது.
கிறிஸ்டியான்சுண்டில் அது லாட்டரி.
அலுவலகத்தில் பாதிப் பேருக்குத் திடீர்க் காய்ச்சல்,
தெரு முழுக்க ஏணிகள்.

என்னுடையது பாதி வீடு.
ஒரே கூரை, ஒரே மரச்சுவர்.
இடப்பக்கம் நான், வலப்பக்கம் அஸ்பியோர்ன் ரிண்டால்.
ஒட்டு உண்டு, உறவு இல்லை:
என் படுக்கையறை ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளி
அவன் மாட்டிய ஹீட் பம்ப்
இரண்டு குளிர்காலமாய் என் தலைமாட்டில் முனகுகிறது.
பேச்சுவார்த்தை எல்லாம்
தபால்பெட்டியில் போடும் துண்டுச் சீட்டுகளில்.

அவன்: சாம்பல் நிறம்.
நான்: பழைய பழுப்பு.
அவன்: சாம்பல் என்றேன்.

பெயின்ட் கடை டாக்னி சிரிக்காமல் சொன்னாள்:
"இது மேலே மூடி மறைக்கிற சரக்கு இல்லை.
ஸ்டெயின். மரத்துக்குள் இறங்கும்.
கருமையை ஏற்றலாம், இறக்க முடியாது."
வார்த்தை மாறாமல் எழுதிப் போட்டேன்.
பதில் வரவில்லை.
மறுநாள் அவன் வாசலில் நான்கு டின் பழுப்பு.

கடலைப் பார்த்த சுவரில் சாயம் வெளுத்துப்போயிருந்தது.
தேய்த்துக் கழுவி, ஒரு நாள் காயவிட்டு,
கையால் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன்.
முத்து முத்தாய் உருண்டால்
பலகை இன்னும் பழசையே பிடித்துக்கொண்டிருக்கிறது;
குடித்துவிட்டால் தயார்.
என் பக்கம் குடித்தது.
ஆள் இல்லாத நேரம் பார்த்து
அவன் பக்கமும் தெளித்தேன்.
அதுவும் தாகமாகத்தான் இருந்தது.

பலகைகளுக்கு எல்லை தெரியாது.
அவன் சமையலறைக்கு வெளியே தொடங்கி
என் ஹாலுக்கு வெளியே முடிகின்றன.
நடுவில் நிறுத்தினால் விளிம்பு காய்ந்துவிடும்.
பிறகு அதன்மேல் அடுத்த தூரிகை படும் இடம்
இரட்டைப் பூச்சாய்க் கறுத்து
பத்து வருஷம் தழும்பாய் நிற்கும்.

மூன்றாம் நாள், வெயில் இந்தப் பக்கம் திரும்புமுன்
நான் ஏணியில் ஏறியபோது
அவன் ஏணியும் அங்கே இருந்தது, அவனோடு.
யாரும் யாரிடமும் கேட்கவில்லை.
மேல் பலகை. அவன் அந்தக் கோடி, நான் இந்தக் கோடி.
சரக் சரக் என்று நெருங்கி வந்தது அவன் தூரிகை.
நான் வேகம் கூட்டினேன். அவன் குறைத்தான்.
ஈரம் ஈரத்தைத் தொட்டது.

"சொட்டுது, குன்வோர்."
இரண்டு வருஷத்தில் முதல் வார்த்தை.
துடைத்தேன்.

இருபத்திரண்டு பலகை. இருபத்திரண்டு முறை
நடுவில் சந்தித்தாக வேண்டும்.
பன்னிரண்டாவதில் காற்று அவன் குல்லாயைத் தூக்கியது.
காதுக்குப் பின்னால்
பட்டாணி அளவில் ஒரு கருவி.
மறு காதிலும்.
பம்ப் இருக்கும் பக்கம் நான் கை காட்டினேன்.
"ஓடுதா?" என்றேன், சத்தமாக.
தலையைத் திருப்பிச் சற்று நேரம் கேட்டுப் பார்த்துவிட்டு
"இல்லையே" என்றார்.
அது ஓடிக்கொண்டிருந்தது.

பதினேழாவதில் என் கைபேசி அடித்தது.
அந்த இடம் இப்போதும் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு.

மாலையில் என் எண்ணெய்த் துணிகளைச்
சுருட்டி மூலையில் எறிந்திருந்தேன்.
அவர் வந்து ஒவ்வொன்றாய்ப் பிரித்து
கல்மேல் விரித்துவிட்டுப் போனார்.
குவித்து வைத்தால் தானாகவே பற்றிக்கொள்ளுமாம்,
தீக்குச்சி கூட வேண்டாமாம்.

ஜன்னல் சட்டங்கள் அவரவர் இஷ்டம்.
என்னுடையவை வெள்ளை.
அவருடையவை, வேறென்ன, சாம்பல்.

நான்காம் நாள் சொன்னபடி மழை.
துளிகள் சுவரில் நிற்காமல் உருண்டோடின.
ராத்திரி வழக்கம்போல முனகல்.
பேனாவும் சீட்டும் எடுத்து
"அஸ்பியோர்ன்" என்று மட்டும் எழுதினேன்.
அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று
தெரியாமல் விளக்கை அணைத்தேன்.
நகக்கண்ணில் பழுப்பு இன்னும் போகவில்லை.